பெயர்வெளிக்கு எந்தப் பெயரைத் தெரிவுசெய்வது?

கொழும்புத் துறைமுகத்தை அண்டி இயங்கும் சில கப்பல் முகவர் நிறுவனங்களும் கொள்கலன் களஞ்சியங்களும் சரக்கு விவரங்களைத் தமக்கிடையே பரிமாறிக்கொள்வதற்காகப் தரவைப் பெயரிட்ட உறுப்புகளாகப் பிரித்து எழுதும் எக்ஸ்எம்எல் முறையில் பொதுவான வடிவம் ஒன்றை ஆக்கி வருகின்றன. அந்தக் குழுவில் பணியாற்றும் ஒருவர் எழுப்பிய கேள்விக்கான பதில் இது. அவர்களது வரைவுக் கோப்புகளில், விஷுவல் ஸ்டூடியோ என்ற நிரலாக்கக் கருவி தானாகவே இட்டுத் தந்த டெம்ப்யூரி.ஓஆர்ஜி என்ற தற்காலிக முகவரிதான் இன்னும் பெயர்வெளியின், அதாவது ஒரு வடிவத்தின் உறுப்புகளை மற்றவற்றின் உறுப்புகளிலிருந்து பிரித்துக்காட்டும் அடையாளத்தின், பெயராக நிற்கிறது. அதை மாற்ற வேண்டும் என்பதில் எல்லோரும் உடன்படுகிறார்கள். எதைக் கொண்டு மாற்றுவது என்பதில்தான் இழுபறி. ஒருவர், இணைய முகவரியாக இல்லாமல் பெயராக மட்டும் இருக்கும் யூஆர்என் வேண்டும் என்கிறார். இன்னொருவர் தமது நிறுவனத்தின் இணைய முகவரியையே இடலாம் என்கிறார். மூன்றாமவருக்கு .இலங்கை என்று முடியும் தமிழ் முகவரி ஒன்றின் மீது விருப்பம். அந்த முகவரியை உலாவியில் திறந்தால் ஏதாவது தெரிய வேண்டுமா, பதிப்பு எண்ணை அதற்குள் இடலாமா என்பவையும் முடிவாகாமல் கிடக்கின்றன.

என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் குழு நீண்டகாலம் தன் கையில் வைத்திருக்கக்கூடியதும் எந்தத் தனி நிறுவனத்தின் பெயரையும் தாங்காததுமான ஒரு டொமைனின் கீழ், ஆங்கிலச் சிற்றெழுத்துகளால் மட்டும் ஆன எச்டிடிபிஎஸ் முகவரி ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். அது உருவான ஆண்டும் அது குறிக்கும் பொருளும் மட்டும் அதில் இருக்கட்டும். அந்த முகவரியில் ஒரு விளக்கப் பக்கத்தை வையுங்கள். அதன்பின் அந்தப் பெயரில் ஓர் எழுத்தைக்கூட எவரும் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்ன நிபந்தனையிலிருந்தே மற்றவை எல்லாம் பிறக்கின்றன என்பதால் அதைத்தான் முதலில் விளக்க வேண்டும்.

வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு எக்ஸ்எம்எல் 1.0 ஐ 1998 பெப்ரவரியிலும், பெயர்வெளிகளுக்கான பரிந்துரையை 1999 ஜனவரி 14 அன்றும் வெளியிட்டது. டிம் பிரே, டேவ் ஹொலாண்டர், அண்ட்ரூ லேமன் ஆகியோர் தொகுத்த அந்தச் சிறிய ஆவணம் தீர்க்க முனைந்த சிக்கல் உங்களுக்குப் பழகியதுதான். உங்கள் வடிவத்தில் எடை என்றோர் உறுப்பு இருக்கும். வைத்தியசாலை ஒன்றின் நோயாளர் பதிவிலும் எடை என்றோர் உறுப்பு இருக்கும். இரண்டும் ஒரே கோப்பில் சந்திக்க நேர்ந்தால் எது எதுவென்று நிரலுக்குத் தெரிய வேண்டும். அதற்காக ஒவ்வோர் உறுப்பின் பெயரோடும் உலகில் வேறெவரும் பயன்படுத்தாத இன்னொரு பெயரைச் சேர்த்தார்கள். அத்தகைய பெயர்களை வழங்கப் புதிதாக ஒரு பதிவகத்தை உருவாக்காமல், ஏற்கெனவே டொமைன் முறையால் தனித்தன்மை உறுதிசெய்யப்பட்ட, இணைய முகவரி போன்ற அடையாளங்களான யூஆர்ஐகளைக் கடன் வாங்கினார்கள்.

கடன் வாங்கியது தோற்றத்தை மட்டும்தான். இரண்டு பெயர்வெளிகள் ஒன்றா என்று பார்க்கும் எக்ஸ்எம்எல் நிரல், அவற்றை முகவரிகளாகக் கருதுவதே இல்லை. வெறும் எழுத்துச்சரங்களாக, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒத்துப்பார்க்கிறது. டொமைன் பெயரில் ஓர் எழுத்தைப் பெரிய எழுத்தாக இட்டால் உலாவி அதே தளத்துக்குத்தான் போகும், ஆனால் எக்ஸ்எம்எல் நிரலுக்கு அது வேறு பெயர்வெளி. அலைக்குறியை நேரடியாக இடுவதும், அதையே விழுக்காட்டுக் குறியோடு 7இ என்று எழுதுவதும், அந்த இ ஐப் பெரிய எழுத்தாக இடுவதும் மூன்று வெவ்வேறு பெயர்கள் என்று பரிந்துரையே எடுத்துக்காட்டுத் தந்து சொல்கிறது. முகவரியின் இறுதியில் ஒரு சாய்கோடு இருப்பதும் இல்லாததும் அவ்வாறே. வீடு மாறினாலும் மாறாத தேசிய அடையாள அட்டை இலக்கத்தைப் போல இதைப் பாருங்கள். அதில் ஓர் இலக்கம் பிழைத்தால் அது வேறோர் ஆளுடையதாகிவிடுகிறது.

இந்தப் பிழை நேரும்போது அது சத்தம் போடாது என்பதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து. கோப்பில் எவை வரலாம் என்று வரையறுக்கும் ஸ்கீமாவைக் கொண்டு சரிபார்க்கும் இடங்களில், இந்த உறுப்புக்கான அறிவிப்பைக் காணவில்லை என்று சொல்லும் ஒரு வரியாவது கிடைக்கும். அந்த அறிவிப்பு கோப்பில் கண்ணெதிரே இருக்க, காணவில்லை என்கிறதே என்று பொறியியலாளர் ஒருவர் அரை நாளைச் செலவிடக்கூடும். கோப்பினுள் உறுப்புகளைத் தேடும் எக்ஸ்பாத் மொழியைக் கொண்டு மதிப்புகளை எடுக்கும் நிரல்களிலோ அந்த வரியும் கிடைக்காது. கொள்கலன் உறுப்புகள் எத்தனை என்று கேட்டால் பூச்சியம் என்று பதில் வரும். நிரல் அதை வெற்றுப் பட்டியலாக ஏற்றுக்கொண்டு அமைதியாக அடுத்த வேலைக்குப் போய்விடும்.

கொழும்பில் ஒரு நிறுவனத்தில் நான் நேரில் பார்த்த நிகழ்வு இதை நன்கு காட்டும். பாதுகாப்புத் தணிக்கை ஒன்றின்போது, மூலநிரல் களஞ்சியம் முழுவதிலும் எச்டிடிபி என்று தொடங்கும் முகவரிகளையெல்லாம் எச்டிடிபிஎஸ் என்று மாற்றும் சிறுநிரல் ஒன்றை ஓடவிட்டார்கள். நோக்கம் நல்லதுதான். மறுநாள் இணையப் பக்கங்களில் இருந்த, எக்ஸ்எம்எல்லில் எழுதும் பட வடிவமான எஸ்விஜியில் அமைந்த சின்னங்களில் பாதி காணாமற்போயின, பாதி அப்படியே இருந்தன. எஸ்விஜியின் பெயர்வெளி 2000 ஆம் ஆண்டைத் தாங்கிய, எச்டிடிபி என்றே தொடங்கும் டபிள்யூ3சி முகவரி. தனிக் கோப்பாக இருந்த சின்னங்களில் அது மாறியதும் உலாவி அவற்றைப் படமாக அடையாளங்காணவில்லை. எச்டிஎம்எல் பக்கத்துக்குள்ளேயே பதிக்கப்பட்ட சின்னங்களுக்கு எதுவும் ஆகவில்லை, ஏனெனில் எச்டிஎம்எல்லைப் படித்துப் பிரிக்கும் நிரலான பார்சர் அந்த அறிவிப்பைப் பொருட்படுத்தாமல் உறுப்பின் பெயரைக் கொண்டே சரியான பெயர்வெளியைக் கொடுத்துவிடுகிறது. பாதி வேலை செய்தபடியால் காரணத்தைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினமாயிற்று. டபிள்யூ3சியின் தளம் இன்று எச்டிடிபிஎஸ் வழியே இயங்கினாலும், அந்த அமைப்பு தன் பழைய பெயர்வெளிகளில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். புதிதாகத் தெரிவுசெய்யும் நீங்கள் எச்டிடிபிஎஸ் இல் தொடங்குவது நல்லது. அது பெயரைப் பாதுகாப்பானதாக ஆக்குகிறது என்பதற்காக அல்ல. பின்னாளில் எவரும் அதைத் திருத்த முற்படும் வாய்ப்பு குறைகிறது என்பதற்காக.

தமிழ் முகவரியைப் பற்றிக் கேட்டவருக்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அந்த விருப்பம் மதிக்கத்தக்கது. .இலங்கை என்ற உயர்மட்ட டொமைன் 2010 இல், சிங்கள எழுத்தில் உள்ள அதன் இணையோடு சேர்ந்து நடைமுறைக்கு வந்தது. உங்கள் விளக்கப் பக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் வைத்து அத்தகைய முகவரிகளில் வெளியிடுவதை நான் முழுமனதோடு வரவேற்பேன். ஆனால் பெயர்வெளியின் அடையாளமாக அதை இடுவதற்கு உடன்பட மாட்டேன்.

முதற்காரணம் விதி சார்ந்தது. பெயர்வெளிப் பரிந்துரையின் 1.0 பதிப்பு யூஆர்ஐயைத்தான் கேட்கிறது. யூஆர்ஐயில் ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், சில குறிகள் தவிர வேறெதற்கும் இடமில்லை. பிறமொழி எழுத்துகளை நேரடியாக ஏற்கும் ஐஆர்ஐகளை 2004 பெப்ரவரியில் வந்த 1.1 பதிப்பு அனுமதித்தது, ஆயினும் அது எக்ஸ்எம்எல் 1.1 ஆவணங்களுக்கு உரியது. எக்ஸ்எம்எல் 1.1 ஐப் பயன்படுத்துவோர் மிக அரிது. பெயர் செல்லுபடியான யூஆர்ஐதானா என்று சோதிக்கும் கடமை பார்சருக்கு இல்லாதபடியால் தமிழ் எழுத்துகளை இட்டாலும் பெரும்பாலும் ஓடத்தான் செய்யும்.

ஓடுவதுதான் இரண்டாவது காரணத்தை மறைத்துவிடுகிறது. கொழும்பு என்ற நமது ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் அதன் முதல் எழுத்தான கொ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தின் பின் ஒகரக் குறியை ஒற்றைக் குறியீடாக இடுவது ஒன்று. ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக இடுவது மற்றது. முதல் முறையில் கொழும்பு என்பது 8 குறியீடுகள், இரண்டாவது முறையில் 9. திரையில் இரண்டுக்கும் ஒரு மயிரிழை வேறுபாடும் தெரியாது. யூனிகோடு இவற்றைச் சமமானவை என்றே வரையறுக்கிறது. உலாவியும் டொமைன் பெயரில் இவற்றை ஒன்றாக்கிவிட்டுத்தான் தேடும். எழுத்தெழுத்தாக ஒத்துப்பார்க்கும் எக்ஸ்எம்எல் நிரலுக்கோ இவை இரண்டு பெயர்வெளிகள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்து மாற்றிய உரைகளில் இத்தகைய பிரிந்த வடிவம் தங்கிவிடுவதுண்டு. ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் இடும் பழக்கம் நம்மிடையே எவ்வளவு பரவியிருக்கிறது என்பதும் நீங்கள் அறிந்ததே. அதை யூனிகோடுகூடச் சமமாகக் கொள்வதில்லை. இவை போதாவென்று, அதே பெயரை விழுக்காட்டுக் குறிகளாக மாற்றி எழுதும் கருவிகளும் உள்ளன. எட்டுக் குறியீடுகளாலான கொழும்பு அவ்வாறு எழுதப்படும்போது 24 பைட்டுகளாகி, 72 எழுத்துகள் நீளும் சரமாகிவிடும். டொமைன் பகுதியோ எக்ஸ்என் என்று தொடங்கும் இன்னொரு வடிவத்தை எடுக்கும். ஒரே பெயருக்கு இத்தனை எழுத்துருவங்கள் இருக்கும் இடத்தில், ஓர் எழுத்தும் மாறக்கூடாத ஒன்றை வைப்பது பொருந்தாது. உறுப்புகளின் பெயர்களைத் தமிழில் வைப்பதற்கு எக்ஸ்எம்எல் இடந்தருகிறது. அங்கும் இதே எச்சரிக்கை வேண்டும், ஆனால் அவை ஸ்கீமாவில் இருந்து பிரதியெடுக்கப்படுவதால் ஆபத்து குறைவு.

அடுத்து, முகவரியைத் திறந்தால் ஏதாவது வர வேண்டுமா என்ற கேள்வி. பெயர்வெளிப் பரிந்துரையின்படி எதுவும் வர வேண்டியதில்லை. எந்தப் பார்சரும் அந்த முகவரிக்குப் போய் எதையும் எடுப்பதில்லை, எடுக்கவும் கூடாது. ஆனால் எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் ஒன்றைக் கண்டால் அதை உலாவியில் இட்டுப் பார்ப்பது மனித இயல்பு. அங்கே 404 வந்தால் இந்த வடிவம் கைவிடப்பட்டதோ என்ற ஐயம் எழும். 2001 இல் ஜொனதன் போர்டனும் டிம் பிரேயும் பெயர்வெளியை விளக்கும் பக்கத்துக்கான ஆர்டிடிஎல் என்ற வடிவத்தை முன்வைத்தது இதற்காகவே. 2004 டிசம்பரில் டபிள்யூ3சி வெளியிட்ட வலைக் கட்டமைப்பு ஆவணமும், பெயர்வெளியின் உரிமையாளர் அங்கே மனிதர் படிக்கக்கூடிய விளக்கத்தை வைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆர்டிடிஎல் தேவையில்லை, சாதாரண எச்டிஎம்எல் பக்கம் ஒன்று போதும். இந்த வடிவம் எதற்கானது, யார் பராமரிக்கிறார்கள், ஸ்கீமா எங்கே கிடைக்கும், எப்போது புதிய பெயர்வெளி உருவாக்கப்படும் என்ற நான்கையும் அதில் எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் அங்கு செய்யாதீர்கள்: பெயர்வெளி முகவரியையே ஸ்கீமாக் கோப்பின் முகவரியாக ஆக்கிவிடாதீர்கள். ஸ்கீமா எங்கே இருக்கிறது என்று குறிப்புக்காட்ட ஸ்கீமாலொக்கேஷன் என்ற தனிப் பண்பு, அதாவது உறுப்பின் தொடக்கத்தில் இடும் குறிப்பு, இருக்கிறது. அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டையும் ஒன்றாக்கினால், ஒவ்வோர் ஆவணத்தையும் படிக்கும்போது உங்கள் சர்வரை நாடும் நிரல்களை எழுத மற்றவர்களைத் தூண்டுகிறீர்கள். ஸ்கீமாவுக்கு முந்தைய வரையறைக் கோப்புகளான டிடிடிகளின் விடயத்தில் டபிள்யூ3சி பட்ட பாடு இதற்குச் சான்று. ஆண்டுக்கணக்கில் மாறாத அதே கோப்புகளைக் கேட்டு ஒரு நாளைக்கு 13 கோடி வேண்டுகோள்கள் வரை வருவதாக 2008 இல் அந்த அமைப்பு முறையிட்டது. உங்கள் கூட்டாளிகளிடம் ஸ்கீமாவின் பிரதியைத் தம்மிடமே வைத்து, முகவரிக்கு ஈடான உள்ளூர்ப் பிரதியைச் சுட்டும் எக்ஸ்எம்எல் கேட்டலொக் வழியே அதைக் காட்டும்படி தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இணைப்பு அறுந்தாலும் களஞ்சியத்தின் வேலை நிற்காது.

யூஆர்என் பற்றிய வாதத்துக்கு வருவோம். அதை முன்வைப்பவரின் கவலை நியாயமானது: முகவரி போலத் தோன்றாத ஒன்றை எவரும் திறந்து பார்க்கவோ, எச்டிடிபிஎஸ் ஆக்கவோ முற்பட மாட்டார்கள். ஓயசிஸ் என்ற தரநிலை அமைப்பு 2001 இலேயே யூஆர்என் முறைக்குள் தனக்கென ஒரு பிரிவைப் பதிவுசெய்துகொண்டது. வணிக ஆவண வடிவமான யூபிஎல்லின் இன்வாய்ஸ் பெயர்வெளியும், அலுவலக ஆவண வடிவமான ஓபன்டொக்கியூமெண்டின் பெயர்வெளியும் அதன்கீழ் வருகின்றன. ஐஎஸ்ஓவுக்கும் அத்தகைய பிரிவு உண்டு. கொழும்பின் வங்கிகளில் பணியாற்றுவோர் ஐஎஸ்ஓ 20022 கொடுப்பனவுச் செய்திகளில் அதை நாள்தோறும் காண்கிறார்கள். இவை நன்றாக இயங்குகின்றன. ஆனால் யூஆர்என் என்று எழுதி, முக்காற்புள்ளி ஒன்றை இட்டு, உங்கள் நிறுவனத்தின் சுருக்கப் பெயரைச் சேர்த்துவிட்டால் அது யூஆர்என் ஆகிவிடாது. முதலாவதாக வரும் அந்தப் பகுதி, இணையப் பெயர்களுக்கும் எண்களுக்குமான பதிவகமான ஐஏஎன்ஏவிடம் பதிவுசெய்யப்பட்டதாக இருக்க வேண்டும் என்று 2017 இன் இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 8141 கூறுகிறது. பதியாமல் இட்டாலும் எந்த நிரலும் தடுக்காது. அதே மூன்றெழுத்துச் சுருக்கத்தை வேறொரு நாட்டில் வேறொரு நிறுவனம் இடுவதையும் எதுவும் தடுக்காது. தனித்தன்மைக்காக ஏற்பட்ட பெயரில் தனித்தன்மைக்கான பொறுப்பாளி இல்லாமற் போவதை நான் ஏற்கமாட்டேன்.

பதிவே தேவையில்லாத யூஆர்என் ஒன்று உண்டு. கணினி ஆக்கித் தரும் தனித்தன்மையுள்ள குறியீடான யூயூஐடி ஒன்றை உருவாக்கி அதன் முன் உரிய தலைப்பை இடலாம். தனித்தன்மைக்குக் குறைவில்லை, ஆனால் 36 எழுத்துகள் கொண்ட அந்தத் தொடரைத் தொலைபேசியில் ஒருவருக்குச் சொல்லவோ, இரண்டு கோப்புகளில் கண்ணால் ஒப்பிடவோ முடியாது. மனிதர் எழுதும் வடிவத்துக்கு அது ஆகாது. இதைவிட எனக்குப் பிடித்தது 2005 ஒக்டோபரின் ஆர்எஃப்சி 4151 வரையறுத்த டேக் முறை. குறிப்பிட்ட ஒரு நாளில் ஒரு டொமைனோ மின்னஞ்சல் முகவரியோ உங்களிடம் இருந்திருந்தால், அதையும் அந்தத் திகதியையும் சேர்த்து ஒரு பெயரை ஆக்கலாம். பின்னர் டொமைன் கைமாறினாலும் அந்தத் திகதிக்கான உரிமை உங்களுடையதாகவே இருக்கும் என்பதால் பெயர் ஒருபோதும் மோதாது. டொமைனைத் தொடர்ந்து வைத்திருப்போமா என்ற உறுதி உங்கள் குழுவுக்கு இல்லையென்றால் இதைத் தெரிவுசெய்யுங்கள். உறுதி இருந்தால் எச்டிடிபிஎஸ் முகவரியே மேல், ஏனெனில் விளக்கப் பக்கம் என்ற பயன் அதோடு கூடவே வருகிறது. புதிதாக ஒரு யூஆர்ஐ வகையையே உருவாக்கும் எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். இணையவழிக் கோப்புகளைத் திருத்தும் நெறிமுறையான வெப்டாவ் அவ்வாறு டிஏவி என்பதைத் தன் பெயர்வெளியாக வைத்தது, 2007 இல் அதன் திருத்திய ஆர்எஃப்சியே அந்த வழியை இனிப் பின்பற்ற வேண்டாம் என்று எழுதியது.

டொமைன் என்பது விலைக்கு வாங்கியது அல்ல, காலத்துக்குக் காலம் புதுப்பித்து வைத்திருப்பது. எனவே அது யாருடைய பெயரில் பதியப்படுகிறது என்பது தொழில்நுட்பத் தெரிவைவிட முக்கியமானது. குழுவில் உள்ள ஓர் ஊழியரின் சொந்த மின்னஞ்சலில் பதிந்தால், அவர் வேலை மாறிய பின்னர் புதுப்பிக்கும் நினைவூட்டல் எவரையும் சென்றடையாது. கைவிட்ட டொமைனை வேறொருவர் எடுத்துக்கொண்டாலும் உங்கள் கோப்புகள் தொடர்ந்து இயங்கும். ஆனால் அந்த முகவரியில் எதை வைப்பது என்பதை அவர்தான் தீர்மானிப்பார்.

பெயருக்குள் எவருடைய பெயர் இருக்கக் கூடாது என்பதற்கு ஜாவா உலகம் தந்த பாடத்தைவிடத் தெளிவானது இல்லை. ஜாவா வலைச் செயலிகளின் அமைப்புக் கோப்பான வெப்.எக்ஸ்எம்எல்லை இந்நகரின் மென்பொருள் நிறுவனங்களில் திறந்து பார்க்காதவர் குறைவு. 2003 இன் ஜே2ஈஈ 1.4 இல் அதன் பெயர்வெளி சன் நிறுவனத்தின் ஜாவா தளத்தின்கீழ் ஜே2ஈஈ என்று முடிந்தது. 2006 இல் தயாரிப்பின் பெயர் ஜாவா ஈஈ ஆனதால் அதே தளத்தின்கீழ் ஜாவாஈஈ என்று மாறியது. 2010 இல் சன் நிறுவனத்தை ஒராக்கிள் வாங்கியது. 2013 இன் ஜாவா ஈஈ 7 இல் பெயர்வெளி ஜேசிபி.ஓஆர்ஜி என்ற டொமைனுக்குப் போயிற்று. பின்னர் அந்தத் திட்டம் எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கைமாறி, ஜாவா என்ற வர்த்தகப் பெயரைப் பயன்படுத்த இயலாத நிலை ஏற்பட்டு, 2020 இல் ஜக்கார்த்தா.ஈஈ என்ற நான்காவது பெயர்வெளி வந்தது. வேண்டுகோளுக்குப் பதில் தரும் ஜாவா நிரலான சேர்வ்லெட் ஒன்றை எந்த முகவரியோடு பொருத்துவது என்று சொல்லும் உறுப்பின் பொருள் இந்த நான்கிலும் மாறவேயில்லை. மாறியவை நிறுவனங்களும் விளம்பரப் பெயர்களும்தான், ஆனால் கோப்பைப் படிக்கும் ஒவ்வொரு கருவியும் நான்கையும் அறிந்திருக்க வேண்டியதாயிற்று. வரைபடங்களுக்கான கேஎம்எல் வடிவமும் இவ்வாறே. கூகுள் எர்த் முகவரியின்கீழ் தொடங்கியது, 2008 இல் புவியியல் தரவுத் தரநிலை அமைப்பான ஓஜிசியின் தரமானபோது ஓபன்ஜிஐஎஸ்.நெட் என்ற முகவரிக்கு மாறியது. பழைய கோப்புகள் பழைய பெயரோடு இன்னும் உலவுகின்றன.

நமது நாட்டில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஆட்சியோ அமைச்சரவையோ மாறியதும் வெளியாகும் வர்த்தமானி அறிவித்தலால் அமைச்சுகளின் பெயர்கள் மாறும். திணைக்களங்கள் ஓர் அமைச்சில் இருந்து இன்னொன்றுக்குப் போகும். அரச நிறுவனத்துக்காக வடிவமைக்கும் எவரும் அமைச்சின் பெயரைப் பெயர்வெளிக்குள் இடுவது, அதன் ஆயுளை ஒரு தேர்தலுக்கு ஒப்படைப்பதாகும். துறைமுகம், காணி, பிறப்புப் பதிவு, மருந்து என்று விடயத்தின் பெயரை இடுங்கள். எந்த அமைச்சின்கீழ் வந்தாலும் விடயம் விடயமாகவே இருக்கும். உங்கள் குழுவில் இருப்பவை தனியார் நிறுவனங்கள். ஒன்று இன்னொன்றை வாங்கலாம், ஒன்று விலகிப்போகலாம். ஆகவே குழுவில் மிகப் பெரிய நிறுவனத்தின் டொமைனை இடலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. போட்டியாளரின் பெயரைத் தன் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் சுமக்க விரும்பாத நிறுவனம் நாளை சேர வரும்போது அதன் சங்கடம் உங்களுக்குத் தெரியவரும்.

பதிப்பு எண் பற்றிய கேள்வியில் பெரிய தரநிலைகளே ஒன்றோடொன்று முரண்படுகின்றன. எக்ஸ்எம்எல் கோப்புகளை உருமாற்றும் எக்ஸ்எஸ்எல்டி மொழி 1999 இல் பெற்ற பெயர்வெளியை 2007 இன் 2.0 பதிப்பிலும் 2017 இன் 3.0 பதிப்பிலும் அப்படியே வைத்துக்கொண்டது. பதிப்பைச் சொல்ல ஒரு பண்பு மட்டும். ஓபன்டொக்கியூமெண்டின் பெயர்வெளி 1.0 என்று முடிகிறது, 1.2, 1.3 பதிப்புகளின் கோப்புகளிலும் அதுவே 1.0 என்று இருக்கிறது. பார்ப்பவருக்குக் குழப்பமாக இருந்தாலும் அந்தத் தொகுப்பாளர்கள் அதைத் தொடாமல் விட்டது மிகச் சரியான முடிவு. யூபிஎல் இன்வாய்ஸ் முதன்மைப் பதிப்பின் எண்ணான 2 ஐ மட்டும் இட்டு, 2.1, 2.2, 2.3 எல்லாவற்றுக்கும் அதையே பயன்படுத்துகிறது. ஐஎஸ்ஓ 20022 இதற்கு நேரெதிர்: பாக்ஸ்.008.001.08 என்ற செய்தியில் கடைசி 08 என்பது பதிப்பு, அது பெயர்வெளிக்குள்ளேயே இருக்கிறது. பதிப்பு கூடும்போது, மாறாத உறுப்புகள் உட்பட எல்லாமே புதிய பெயர்களாகிவிடும்.

எது சரி என்பதைத் தீர்மானிக்க ஒரே கேள்வி போதும்: பழைய நிரல் புதிய கோப்பைப் படித்தால் அதைத் தவறாகப் புரிந்துகொள்ளுமா? கட்டாயமற்ற ஓர் உறுப்பைச் சேர்ப்பதால் எவரும் தவறாகப் புரிந்துகொள்ளப் போவதில்லை. அதற்காகப் பெயர்வெளியை மாற்றுவது எல்லாக் கூட்டாளிகளையும் ஒரே நாளில் மாறச் சொல்வதாகும். ஆனால் இதுவரை கிலோகிராமில் இருந்த எடை இனிமேல் தொன்னில் வரும் என்றால், பழைய நிரல் அந்தக் கோப்பைத் தொடவே கூடாது. செய்திகளை ஓர் உறைக்குள் வைத்துப் பரிமாறும் சோப் நெறிமுறை இதைத் தெரிந்தே பயன்படுத்தியது. 1.1 இல் இருந்து 1.2 க்குப் போனபோது உறையின் பெயர்வெளியை மாற்றினார்கள். அறியாத பெயர்வெளியில் உறை வந்தால் பதிப்புப் பொருந்தவில்லை என்ற பிழையைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது 1.1 இலேயே இருந்த விதி. கொடுப்பனவுகளில் ஒரு புலத்தைத் தவறாகப் படிப்பது பணத்தைத் தவறான இடத்துக்கு அனுப்புவதாக முடியலாம் என்பதால் ஐஎஸ்ஓ 20022 இன் கடுமையையும் என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. ஒவ்வொரு பதிப்பு மாற்றத்தையும் ஒன்றாகச் செய்விக்கும் அமைப்புகள் அந்தத் துறைக்கு இருக்கின்றன. உங்களுக்கு அத்தகைய அதிகாரம் எதுவும் இல்லை. பதிப்பைப் பண்பில் வையுங்கள். பொருள் மாறும்போது மட்டும் புதிய ஆண்டோடு புதிய பெயர்வெளியை உருவாக்குங்கள். பெயரில் உள்ள ஆண்டு அது பிறந்த ஆண்டைத்தான் சொல்கிறது, பதிப்பை அல்ல என்பதை விளக்கப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். எக்ஸ்எம்எல் ஸ்கீமாவின் 1.1 பதிப்பு 2012 இல் வந்தபோதும் அதன் பெயர்வெளி 2001 என்றே இருந்தது.

சிறு விடயங்கள் சில. டொமைன் பகுதி இல்லாத சார்பு முகவரிகளைப் பெயர்வெளியாக இட வேண்டாம். 2000 ஆம் ஆண்டில் டபிள்யூ3சி அவற்றைக் கைவிடுமாறு முடிவெடுத்தது. எக்ஸாம்பிள்.கொம் ஆவணங்களில் எடுத்துக்காட்டுக்காக ஒதுக்கப்பட்டது, உண்மையான கோப்பில் அது வரக் கூடாது. எக்ஸ்எஸ்டி, ஏஎஸ்பிஎக்ஸ் போன்ற கோப்பு நீட்சிகளையும் கேள்விக்குறிக்குப் பின்வரும் பகுதிகளையும் தவிருங்கள். இந்தத் தரவை என்றாவது, தரவுகளை ஒன்றோடொன்று இணைத்துக்காட்டும் ஆர்டிஎஃப் வடிவமாக மாற்றும் எண்ணம் இருந்தால் பெயரைச் சாய்கோட்டிலோ ஹாஷ் குறியிலோ முடியுங்கள். அங்கே பெயர்வெளியும் உறுப்பின் பெயரும் இடைவெளியின்றி ஒட்டப்பட்டு முழு அடையாளமாகின்றன. நூல், ஆவண விவரங்களுக்கான டப்ளின் கோர் பெயர்வெளி சாய்கோட்டில் முடிவது அதற்காகத்தான். அந்த எண்ணம் இல்லையென்றால் சாய்கோடு இல்லாமல் முடியுங்கள், ஏனெனில் மறதியால் அது விடுபடும் வாய்ப்பே அதிகம்.

ஆக, உங்களுக்கான பெயர் இவ்வாறு அமையும்: குழுவின் பொதுப் பெயரில் பதிந்த எல்கே டொமைன், அதன்பின் என்எஸ் என்ற பகுதி, அதன்பின் ஆண்டு, இறுதியில் கொள்கலனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் சிற்றெழுத்தில். இதை ஸ்கீமாவிலும், ஒவ்வொரு நிரலிலும் ஒரே ஒரு மாறிலியாகவும் இடுங்கள். எவரும் கையால் தட்டச்சுச் செய்ய வேண்டிய நிலை எங்கும் இருக்கக் கூடாது.

டெம்ப்யூரி பெயரோடு ஏற்கெனவே வெளியே போன வரைவுக் கோப்புகளை என்ன செய்வது என்பது மிச்சம். அவை உங்களிடம் நுழையும் இடத்தில் சிறிய எக்ஸ்எஸ்எல்டி ஒன்றை வைத்துப் பழைய பெயர்வெளியில் உள்ள உறுப்புகளைப் புதியதற்கு மாற்றுங்கள். உள்ளே இருக்கும் எந்த நிரலும் பழைய பெயரை அறிய வேண்டாம். எவ்வளவு காலத்துக்கு அதை ஏற்பீர்கள் என்ற திகதியைக் கூட்டாளிகளுக்கு இப்போதே அறிவியுங்கள். முன்னொட்டுகளை, அதாவது கோப்புக்குள் பெயர்வெளிக்கு ஈடாக இடும் சுருக்கக் குறிகளை, அப்படியே வைத்திருங்கள். வகையைக் குறிக்கும் பண்பு மதிப்புகளில் உள்ள முன்னொட்டுகளை எக்ஸ்எஸ்எல்டி வெறும் எழுத்துகளாகவே பார்ப்பதால், அவை புதிய பெயரைச் சுட்டுகின்றனவா என்று தனியே சோதியுங்கள். அந்தக் கோப்புகளில் சில டிஜிட்டல் கையொப்பம் இடப்பட்டவையாக இருந்தால் கையொப்பத்தைச் சரிபார்த்த பின்னரே மாற்றத்தைச் செய்யுங்கள். பெயர்வெளியின் பெயரும் கையொப்பத்துக்கு உட்பட்ட பகுதிதான். அதை முதலில் மாற்றினால் எவரும் கைவைக்காத கோப்பும் திருத்தப்பட்டதாகவே தெரியும். மூலக் கோப்பையும் மாற்றாமல் சேமித்து வையுங்கள், ஏனெனில் பின்னாளில் சரக்குப் பற்றிய பிணக்கு ஒன்று எழுந்தால் கையொப்பத்தோடு காட்ட வேண்டியிருப்பது அதைத்தான்.